பெண்களுக்குக் குருப்பட்டம்: ‘கூடாது’ வேறு, ‘முடியாது’ வேறு

கேள்வி இதுதான்: கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க மறுப்பது ஒரு பழைய சட்டம்தானே, திருத்தந்தை (போப்) கையெழுத்துப் போட்டால் மாறிவிடாதா? குருப்பட்டம் பெற்றுவிட்டதாகச் சொல்லும் பெண்கள் நிறைவேற்றும் திருப்பலி செல்லுமா? பெண் திருத்தொண்டர்களை (குருவுக்கு அடுத்த படியில் இருக்கும் ‘டீக்கன்’களை) பற்றி இப்போது நடக்கும் பேச்சு குருப்பட்டத்துக்கு முன்னோட்டமா?

மூன்றுக்கும் விடை திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1024-ஆம் எண்ணில் உள்ள ஒரே சொல்லில் தொடங்குகிறது. “திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே திருநிலைப்பாட்டைச் செல்லுபடியாகப் பெறுகிறார்” என்கிறது அந்தச் சட்டம். திருநிலைப்பாடு என்பது ஆயர், குரு, திருத்தொண்டர் பட்டம் கொடுக்கும் சடங்கு. ‘முறையாக’ என்று சொல்லவில்லை, ‘செல்லுபடியாக’ என்கிறது. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 968-ஆம் எண்ணும் இதையே சொன்னது. கீழைத் திருச்சபைகளுக்கான தொகுப்பில் 754-ஆம் எண்ணும் இதையே சொல்கிறது.

இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1988 ஜூன் 30-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் எக்கோனில் பேராயர் மார்செல் லெஃபெவ்ர் திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் நான்கு பேரை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார். ஆறு பேரும் (உடன் நின்ற இன்னோர் ஆயரையும் சேர்த்து) சபைவிலக்குக்கு (திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கும் தண்டனைக்கு) உள்ளானார்கள். ஆனால் அந்த நால்வரும் ஆயர்கள்தாம் என்பதில் உரோமைக்கு (வத்திக்கானுக்கு) ஐயம் இருக்கவில்லை. 2009-இல் அவர்கள்மீதிருந்த விலக்கு நீக்கப்பட்டபோது யாரும் அவர்களை மறுபடியும் திருநிலைப்படுத்தச் சொல்லவில்லை. செய்தது முறையற்றது, ஆனால் செல்லுபடியானது. ஒரு பெண்ணுக்கு அதே ஆயர், அதே சடங்கு நூலை வைத்து, அதே செபத்தைச் சொல்லிக் கைகளை வைத்தாலும், திருச்சபையின் பார்வையில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. கோதுமை அப்பத்துக்குப் பதிலாக வேறு எதையோ பீடத்தில் வைத்தது போல என்று சட்ட வல்லுநர்கள் விளக்குவார்கள். ஒப்புமை பலருக்குக் கசக்கும். ஆனால் சட்டம் சொல்ல வருவது அதுதான்.

குருக்களின் மணத்துறவோடு இதைப் போட்டுக் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மணத்துறவு ஒழுங்குமுறை. கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றில் மணமான ஆண்கள் குருக்களாகிறார்கள். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த மணமான குருக்களுக்கு 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் தனி அமைப்பே ஏற்படுத்திக் கொடுத்தார். நாளைக்கே ஒரு திருத்தந்தை இலத்தீன் திருச்சபை முழுவதற்கும் அதைத் தளர்த்தலாம், யாரும் “உமக்கு அதிகாரம் இல்லை” என்று சொல்ல முடியாது. பெண்களின் குருத்துவத்தைப் பற்றித் திருச்சபை சொல்வது, “நான் விரும்பவில்லை” என்பதல்ல; “எனக்கு அதிகாரம் இல்லை” என்பது. இந்த வாக்கியத்தை நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். ஆனால் விவாதம் நடப்பது அதன்மேல்தான். “பெண்களுக்கு என்ன திறமை குறைவு?” என்று கேட்பவருக்கு உரோமை, “ஒரு குறைவும் இல்லை” என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கேள்வி அதன்மேல் படவே இல்லை.

ஆவணங்கள் வந்த வரிசையைப் பார்த்தால் இந்த ‘அதிகாரம் இல்லை’ எப்படி இறுகிக்கொண்டே வந்தது என்று தெரியும். 1974 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்கன்) சபையைச் சேர்ந்த 11 பெண்கள் அனுமதியின்றிக் குருப்பட்டம் பெற்றார்கள். இரண்டே ஆண்டில் அந்தச் சபை அதை ஏற்றுக்கொண்டது. 1975-இல் ஆங்கிலிக்கன் சபையின் தலைமை ஆயரான கான்டர்பரி பேராயர் டொனால்ட் கோகன், தங்கள் சபையும் அந்தத் திசையில் போகிறது என்று திருத்தந்தை ஆறாம் பவுலுக்கு எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் திருத்தந்தை எழுதிய பதிலில் மூன்று காரணங்கள் இருந்தன: கிறிஸ்து தம் திருத்தூதர்களாக ஆண்களை மட்டும் தெரிந்துகொண்டார், திருச்சபை அவரைப் பின்பற்றி எப்போதும் அப்படியே செய்து வந்திருக்கிறது, அதன் ஆசிரியமும் (திருத்தந்தையும் ஆயர்களும் அதிகாரத்தோடு போதிக்கும் பணியும்) அதையே தொடர்ந்து கற்பித்து வந்திருக்கிறது.

இதற்கு நடுவில் திருத்தந்தைக்குரிய விவிலிய ஆணையம் இதே கேள்வியை ஆராய்ந்தது. 1976-இல் அதன் முடிவுகள் வெளியில் கசிந்தன. இந்தக் கேள்விக்குப் புதிய ஏற்பாடு மட்டும் தெளிவான, இறுதியான விடை தரவில்லை என்பதில் 17 உறுப்பினர்களும் ஒத்துப்போனார்கள். பெண்களின் குருத்துவத்தை விலக்குவதற்கு விவிலியம் மட்டும் போதாது என்று 12 பேர் வாக்களித்தார்கள், 5 பேர் எதிர்த்தார்கள். மாற்றத்தை விரும்புவோர் இன்றுவரை தூக்கிப் பிடிக்கும் வாக்கெடுப்பு இது. எதிர்த்தரப்பின் பதில் ஆரவாரமில்லாதது: விவிலியம் மட்டும் போதும் என்று கத்தோலிக்கர் எப்போது சொன்னார்கள்? மரபும் சேர்ந்ததுதான் வெளிப்பாடு. நியாயமான பதில்தான். ஆனால் அதற்குப் பிறகு சுமை முழுவதும் மரபின் தலையில் ஏறிவிடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1976 அக்டோபர் 15 தேதியிட்டு, போதனைகளைக் கவனிக்கும் வத்திக்கான் துறையான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ‘இந்தர் இன்சின்யோரெஸ்’ என்ற அறிக்கைதான் முதல் விரிவான விளக்கம். மேற்கோள் காட்டுபவர்களில் பாதிப் பேர் முழுதாகப் படிக்காத ஆவணம் இது. அதில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, இடைக்கால மறைவல்லுநர்கள் பெண்களைப் பற்றி முன்வைத்த வாதங்களில் பலவற்றை இன்றைய சிந்தனை ஏற்பது கடினம் என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. தாமஸ் அக்குவினாஸின் பெயரால் வழங்கும் பழைய காரணம் என்ன? பெண் கீழ்ப்பட்ட நிலையில் இருப்பவள், எனவே மேன்மையைக் குறிக்கும் அடையாளமாக இருக்க முடியாது என்பது. அதை 20-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை கைகழுவிவிட்டது. முடிவு அப்படியே நிலைத்தது, அதைத் தாங்கிய தூண்களில் ஒன்று அகற்றப்பட்டது. எதிர்ப்பாளர்கள் குடைவது இந்த இடத்தில்தான்: பல நூற்றாண்டுகள் எல்லாரும் மனத்தில் வைத்திருந்த காரணம் தவறென்றால், அந்த மரபுக்கு எவ்வளவு எடை?

இன்னோர் இடம், ‘கிறிஸ்துவாகவே நின்று’ என்ற வாதம். திருப்பலியில் குரு “இது என் உடல்” என்கிறார், “இது கிறிஸ்துவின் உடல்” என்று சொல்வதில்லை. அடையாளம் என்றால் பார்த்தவுடன் பொருள் விளங்கும் ஒப்புமை வேண்டும். கிறிஸ்து மணமகன், திருச்சபை மணமகள் என்ற எபேசியர் மடலின் உருவகமும் சேர்ந்துகொள்கிறது. பேச்சாளர்கள் பலர் இதையே முதல் காரணமாகச் சொல்வார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. இது நிரூபணம் அல்ல, ஏற்கெனவே பிற காரணங்களால் நிலைநாட்டப்பட்ட போதனையின் பொருத்தத்தை விளக்குவது மட்டுமே என்று எச்சரிக்கையாகப் பிரித்து வைக்கிறது. பொருத்தத்தை நிரூபணமாகத் தூக்கி நிறுத்தினால் உடனே ஓட்டை விழும். ஆபத்து வேளையில் பெண் கொடுக்கும் திருமுழுக்குச் செல்லும், அங்கே திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தீன் காலத்திலிருந்து சொல்கிறோம். இலத்தீன் மரபில் திருமணம் என்ற அருளடையாளத்தின் (இறையருளைத் தரும் புனிதச் சடங்கின்) பணியாளர்கள் மணமக்கள் இருவருமே. அதாவது மணமகளும் அருளடையாளத்தை வழங்குகிறாள். இவற்றுக்குப் பதில் இருக்கிறது: குருத்துவம் என்பது தலையாகிய கிறிஸ்துவின் இடத்தில் நிற்பது, அது தனி வகை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னவுடன் விவாதம் மறுபடியும் மரபுக்குத்தான் போய்ச் சேரும்.

இயேசு தெரிந்துகொண்ட பன்னிரு திருத்தூதரும் ஆண்கள் என்ற வாதத்துக்கும் இதே கதி. “பன்னிருவரும் ஆண்கள்” என்றால் “பன்னிருவரும் யூதர்கள்தாமே” என்பது உடனடி மறுமொழி. ஆதரவாளர்களின் விடை: யூதரல்லாதவருக்குத் திருத்தூதர்கள் தாங்களே பொறுப்புக் கொடுத்தார்கள், பெண்களுக்குக் கொடுக்கவில்லை, அன்றைய வழக்கத்தை மீறிப் பெண்களோடு பேசிய, அவர்களைச் சீடர்களாக உடன் சேர்த்துக்கொண்ட இயேசு இந்த ஒன்றில் மட்டும் வழக்கத்துக்குப் பயந்தார் என்று சொல்ல முடியாது. உரோமையர் 16:7-இல் வரும் யூனியா பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் “திருத்தூதர்களுள் பெயர்பெற்றவர்” என்பதில் ‘திருத்தூதர்’ என்ற சொல் பன்னிருவருக்கு மட்டும் உரியதல்ல, பவுல் அதை விரிவாகவே ஆள்கிறார். யூனியாவைக் கொண்டு குருத்துவத்தை நிறுவவும் முடியாது, அவரை ஆணாக்கித் தள்ளிவிடவும் முடியாது. புதிய ஏற்பாடு கிறிஸ்தவத் தலைவர் எவரையும் ‘பலியிடும் குரு’ என்ற சொல்லால் அழைக்கவில்லை என்பதும் இரு தரப்புக்குமே சங்கடமான உண்மை.

இனி 1994. 1992 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க வாக்களித்தது. 1994 மார்ச் 12-ஆம் நாள் பிரிஸ்டல் பேராலயத்தில் முதல் 32 பெண்கள் குருக்களானார்கள். அதே மார்ச்சில், உரோமை சிறுமிகள் பீடப்பணி செய்யலாம் என்று ஆயர்களுக்குத் தெரிவித்தது. மே 22-ஆம் நாள் இரண்டாம் யோவான் பவுல் ‘ஓர்தினாசியோ சாச்செர்தோத்தாலிஸ்’ என்ற சிறிய திருத்தூது மடலை வெளியிட்டார். பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. இந்தத் தீர்ப்பை நம்பிக்கையாளர் அனைவரும் இறுதியானதாக ஏற்க வேண்டும் என்பது அதன் உயிர்வரி.

இதில் ‘நம்ப வேண்டும்’ என்ற சொல் இல்லை, ‘இறுதியாக ஏற்க வேண்டும்’ என்றிருக்கிறது. இறையியலில் இது பெரிய வேறுபாடு. கடவுள் வெளிப்படுத்தியவை என்று திருச்சபை முன்வைப்பவை முதல் படி. அவற்றை இறைநம்பிக்கையால் நம்ப வேண்டும், மறுப்பது தப்பறை (நம்பிக்கைக்கு முரணான கொள்கை). வெளிப்பாட்டோடு பிரிக்க முடியாதபடி இணைந்தவை இரண்டாம் படி. இவற்றை உறுதியாக ஏற்க வேண்டும், மறுப்பவர் தப்பறையாளர் ஆகமாட்டார், ஆனால் திருச்சபையோடு முழு ஒன்றிப்பில் இல்லை. மூன்றாம் படி, மாறக்கூடிய பொதுப் போதனை. 1998 மே 18-ஆம் நாள் இரண்டாம் படிக்கென்றே 750-ஆம் சட்ட எண்ணில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம், அப்போது பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர் வெளியிட்ட விளக்கவுரை, பெண்களின் குருத்துவ மறுப்பை அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லியே குறித்தது.

இந்த மடல் திருத்தந்தை தவறா வரத்தோடு (போதிப்பதில் பிழை நேராது என்ற உறுதியோடு) அறிக்கையிட்ட கோட்பாடா? இல்லை. 1995 அக்டோபர் 28-ஆம் நாள் பேராயம் கொடுத்த பதில் வேறுவிதமாகப் போகிறது: இந்தப் போதனை பொதுவான, உலகளாவிய ஆசிரியத்தால் ஏற்கெனவே தவறா வரத்தோடு கற்பிக்கப்பட்டிருக்கிறது, திருத்தந்தை அதைச் சான்றளித்தார், புதிதாக வரையறுக்கவில்லை. உலகெங்கும் சிதறியிருக்கும் ஆயர்கள் ஒரு போதனையை இறுதியானதாக ஏற்க வேண்டும் என்று ஒருமனதாகக் கற்பித்தால் அது தவறா வரத்துக்குரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (உலக ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தின்) திருச்சபைக் கோட்பாட்டு விளக்கம் 25-ஆம் எண்ணில் சொல்கிறது. அதுதான் அடிப்படை.

மிகத் திறமையான எதிர்வாதமும் இங்கேதான் வருகிறது. ஆயர்கள் ‘இறுதியானது’ என்று ஒருமனதாகக் கற்பித்தார்கள் என்பதற்கு என்ன சான்று? 1854-இல் மரியாவின் அமல உற்பவத்தை (அவர் பாவமாசின்றிக் கருவானார் என்ற கோட்பாட்டை) அறிக்கையிடுமுன் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ஆயர்களுக்குச் சுற்றுமடல் அனுப்பி எழுத்தில் பதில் கேட்டார். 1950-இல் மரியாவின் விண்ணேற்புக் கோட்பாட்டுக்கு முன் பன்னிரண்டாம் பயஸும் அப்படியே செய்தார். 1994-க்கு முன் அப்படி ஒரு கேட்பு நடக்கவில்லை. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்காமல் இருந்தது ஒன்று, ‘கொடுக்க முடியாது என்பது இறுதியான போதனை’ என்று கற்பித்தது வேறொன்று. செய்யாமல் இருந்ததைப் போதனையாகக் கணக்கில் சேர்க்கலாமா? திருச்சபைச் சட்டமே 749-ஆம் எண்ணில், தெளிவாக நிலைநாட்டப்பட்டாலொழிய எந்தப் போதனையையும் தவறா வரத்தோடு வரையறுக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது. 1997-இல் அமெரிக்கக் கத்தோலிக்க இறையியல் சங்கம் இந்த ஐயத்தை 216-க்கு 22 என்ற வாக்கில் தீர்மானமாக்கியது.

ஆதரவாளர்களும் இதற்கு வெறுங்கையோடு நிற்கவில்லை. ‘வெறுமனே செய்யாமல் இருந்தார்கள்’ என்பது வரலாற்றுப்படி சரியல்ல, கேள்வி எழுந்தபோதெல்லாம் மறுத்தார்கள் என்று காட்டுவார்கள். 4-ஆம் நூற்றாண்டில் எப்பிபானியுஸ், பெண்கள் குருப்பணி செய்த ஒரு குழுவைக் கண்டித்தார். 494-இல் திருத்தந்தை முதலாம் கெலாசியுஸ், தென் இத்தாலியிலும் சிசிலியிலும் பெண்கள் பீடத்தில் பணிசெய்ய விடப்படுகிறார்கள் என்று கண்டித்து ஆயர்களுக்கு எழுதினார். அந்தக் கடிதம் இரு முனைக் கத்தி. தடுத்ததற்கும் சான்று, தடுக்க வேண்டிய அளவுக்கு எங்கோ நடந்தது என்பதற்கும் சான்று.

இன்னொரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. அருளடையாளங்களின் உட்பொருளைத் திருச்சபையால் மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம் என்று திரெந்து சங்கம் 1562-இல் சொன்னது. உட்பொருள் எது, மற்றது எது என்று யார் பிரிப்பது? 1439-இல் புளோரன்ஸ் சங்கத்தின் ஆணை, குருப்பட்டத்தின் பொருள்கூறு (சடங்கு செல்லுபடியாக இன்றியமையாத செயல்) கிண்ணத்தையும் தட்டையும் கையில் கொடுப்பதே என்றது. 1947-இல் பன்னிரண்டாம் பயஸ், இல்லை, கைகளை வைப்பதே என்று தீர்த்தார். எது இன்றியமையாதது என்று இவ்வளவு பெரிய விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டென்றால், பெறுபவரின் பாலினம் பற்றி ஏன் இல்லை? இதற்கு உரோமையின் பதில், இங்கே கிறிஸ்துவின் செயலே நேரடி முன்மாதிரி என்பது. நான் பார்த்தவரை எதிர்த்தரப்பு இந்த வாதத்தை அதன் எடைக்கு ஏற்றபடி பயன்படுத்தியதே இல்லை. சமஉரிமை வாதத்திலேயே பொழுதைக் கழித்துவிடுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் கதவைத் திறந்தாரா? 2013-இல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யில் 104-ஆம் எண்ணில், இது விவாதத்துக்குத் திறந்த கேள்வி அல்ல என்று எழுதினார். 2023-இல் ஐந்து கர்தினால்களின் ஐயங்களுக்குப் பதிலளித்தபோது நுணுக்கமாக ஒன்று சொன்னார்: ‘இறுதியான கூற்று’ என்பதன் சரியான தன்மை பற்றித் தெளிவான போதனை இன்னும் முழுமையாக உருவாகவில்லை, இது கோட்பாட்டு அறிக்கை அல்ல, ஆனாலும் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும், வெளிப்படையாக மறுத்துப் பேசக் கூடாது, ஆய்வு செய்யலாம். முடிவை அசைக்காமல், அதன் படிநிலையை மட்டும் ஆய்வுக்கு விட்டிருக்கிறார். இதை வெற்றியாகக் கொண்டாடியவர்களும் துரோகமாகக் கண்டித்தவர்களும் கொஞ்சம் அவசரப்பட்டார்கள்.

இனி, குருப்பட்டம் பெற்றதாகச் சொல்லும் பெண்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிச ஆட்சியின்போது தலைமறைவாக இயங்கிய திருச்சபையில் ஆயர் ஃபெலிக்ஸ் டேவிடெக், 1970 டிசம்பரில் லுட்மிலா யவோரோவா என்ற பெண்ணைத் திருநிலைப்படுத்தினார். சிறையில் இருக்கும் பெண்களுக்கு அருளடையாளங்கள் வழங்க ஆளில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. உரோமை அதைச் செல்லாது என்றது. 2002 ஜூன் 29-ஆம் நாள் தன்யூப் ஆற்றில் பாஸவ் அருகே ஒரு கப்பலில் ரோமுலோ பிராஸ்கி என்பவர் ஏழு பெண்களைத் திருநிலைப்படுத்தினார். ஆகஸ்ட் 5-ஆம் நாள் அவர்கள்மீது சபைவிலக்கு அறிவிக்கப்பட்டது. அந்த எழுவரிலிருந்து பெருகியதுதான் இன்றைய ‘உரோமன் கத்தோலிக்கப் பெண் குருக்கள்’ இயக்கம். தங்களைத் திருநிலைப்படுத்திய ஆயர் திருத்தூதர் வழிமரபில் வந்தவர் என்பதால் பட்டம் செல்லும் என்பது அவர்கள் வாதம். முன்னே சொன்ன எக்கோன் எடுத்துக்காட்டை நினைத்துக்கொண்டால் இந்த வாதம் எங்கே முட்டுகிறது என்று தெரியும். வழிமரபு கொடுப்பவரின் தகுதியைத்தான் காட்டும். திருச்சபை மறுப்பது பெறுபவரின் தகுதியை.

இன்றைய தண்டனைச் சட்டம் 1379-ஆம் எண்ணின் மூன்றாம் பிரிவு. 2008 மே இறுதியில் வெளியான ஆணையாக இருந்தது, 2010-இல் பேராயத்துக்கு ஒதுக்கப்பட்ட கடுங்குற்றங்களின் பட்டியலில் சேர்ந்தது, 2021 டிசம்பர் 8 முதல் சட்டத் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. பெண்ணுக்குத் திருப்பட்டம் கொடுக்க முயல்பவர், பெற முயலும் பெண் இருவருக்கும் தன்னியல்பான சபைவிலக்கு. அதை நீக்கும் உரிமை திருப்பீடத்துக்கு மட்டும். கொடுத்தவர் திருப்பணியாளர் என்றால் அந்த நிலையிலிருந்தே நீக்கப்படலாம். ‘திருப்பட்டம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: குருப்பட்டம் மட்டுமல்ல, திருத்தொண்டர் பட்டமும் இதில் அடங்கும். தன்னியல்பு என்றால், யாரும் தீர்ப்புச் சொல்லாமலே செயலைச் செய்த நொடியில் விழும் தண்டனை. ஆனால் 16 வயது நிறையாதவருக்கும், இப்படி ஒரு தண்டனை உண்டு என்பதைத் தன் குற்றமின்றி அறியாதவருக்கும் அது விழாது. இறக்கும் தறுவாயில் எந்தக் குருவும் பாவமன்னிப்பு அளிக்கலாம். ‘பெண் என்பதற்காகச் சபைவிலக்கு’ என்று எழுதுபவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். தண்டனை பட்டம் கொடுக்கும் ஆணுக்கும் சமம். வேண்டும் என்று வாயால் கேட்பதற்கு இந்தத் தண்டனை கிடையாது.

அப்படிப்பட்ட ஒருவர் பீடத்தில் நின்றால் என்னென்ன செல்லும்? திருச்சபையின் கணக்கு இது. அவர் கொடுக்கும் திருமுழுக்கு, தண்ணீரும் மூவொரு இறைவனின் பெயரும் சரியான எண்ணமும் இருந்தால், செல்லும். குரு அல்லாதவர் கொடுத்தாலும் செல்லுகிற அருளடையாளம் அது. அவர் எடுக்கும் அப்பம் நற்கருணை ஆகாது. அவர் சொல்லும் பாவமன்னிப்புச் செல்லாது. மக்கள் தவறாக நம்பினாலும் திருச்சபை ஆட்சி அதிகாரத்தை ஈடுசெய்யும் என்று 144-ஆம் எண் சொல்வது உண்மை. ஆனால் அது அதிகாரத்தை ஈடுசெய்யுமே தவிர திருநிலையை ஈடுசெய்யாது. நோயில் பூசுதலும் அப்படியே. திருமணம் வேறு வகை: அங்கே குரு சாட்சியாக நிற்பவர், மறைமாவட்டம் கொடுத்த அதிகாரம் வேண்டும், அது இல்லாததால் கத்தோலிக்கர் அவர்முன் செய்யும் திருமணம் சட்ட வடிவம் இன்றிப் போகும்.

திருத்தொண்டர் பேச்சு குருப்பட்டத்தின் முன்னோட்டமா என்றால், ஆம் என்று பயப்படுபவர்களும் ஆம் என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படியும் கோட்பாட்டின்படியும் இவை தனித்தனிக் கேள்விகள். 1994-இன் மடல் குருத்துவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் 1009-ஆம் சட்ட எண்ணைத் திருத்தி, ஆயரும் குருவும் தலையாகிய கிறிஸ்துவாகவே நின்று செயல்படுகிறார்கள், திருத்தொண்டர் பணிவிடைக்கான ஆற்றலைப் பெறுகிறார் என்று பிரித்தார். ‘கிறிஸ்துவாகவே நின்று’ என்ற தடை திருத்தொண்டருக்குப் பொருந்தாது என்று பெண் திருத்தொண்டரை ஆதரிப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வரலாற்றில் பெண் திருத்தொண்டர்கள் இருந்தார்கள், அதில் விவாதம் இல்லை. உரோமையர் 16:1-இல் கெங்கிரேயா திருச்சபையின் பெபேயாவைப் பவுல் அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார். 451-இல் கால்செதோன் சங்கம், 40 வயதுக்கு முன் பெண்ணைத் திருத்தொண்டராக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. விவாதம், அவர்கள் பெற்றது திருநிலைப்பாடா ஆசியா என்பதில். நீசேயா சங்கத்தின் 19-ஆம் சட்டம், ஒரு பிரிவினைக் குழுவின் பெண் திருத்தொண்டர்கள் கைவைப்புப் பெறாததால் பொதுநிலையினரே (திருப்பட்டம் பெறாதவர்களே) என்கிறது. அது எல்லாருக்கும் பொருந்துமா, அந்தக் குழுவுக்கு மட்டுமா? 8-ஆம் நூற்றாண்டின் பர்பெரினி கையெழுத்துச் சுவடியில் உள்ள பைசாந்தியச் சடங்கு ஆண் திருத்தொண்டருக்கான சடங்கை ஏறத்தாழ அடியொற்றுகிறது: பீடத்தின் முன், ஆயரின் கைவைப்பு, ‘தெய்வீக அருள்’ எனத் தொடங்கும் அதே செபம், தோள்துகில். ஆனால் ஆண் முழங்காலிடுகிறார், பெண் தலைகுனிகிறார். பெண்ணின் கையில் ஆயர் கொடுக்கும் கிண்ணத்தை அவர் பங்கிடுவதில்லை, பீடத்தில் திருப்பி வைக்கிறார். ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய வரியை அடிக்கோடிடும் சுவடி அது. மேற்கில் நிலைமை வேறு: 441-இல் ஆரஞ்சு சங்கம் பெண்களைத் திருத்தொண்டராக்குவதை அடியோடு தடுத்தது. அவர்களின் முக்கிய வேலையான, வளர்ந்த பெண்களின் திருமுழுக்கில் எண்ணெய் பூசும் பணி, குழந்தைத் திருமுழுக்குப் பெருகியபோது இல்லாமல் போனது.

2016-இல் பிரான்சிஸ் ஓர் ஆணையம் அமைத்தார். ஒத்த முடிவு வரவில்லை. 2020-இல் கர்தினால் பெத்ரொக்கி தலைமையில் இன்னொன்று. 2024 அக்டோபரில் ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், பெண்கள் திருத்தொண்டர் பணிக்கு வருவது பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது என்று 60-ஆம் எண்ணில் சொன்னது. 258 பேர் ஆதரவு, 97 பேர் எதிர்ப்பு. 2025 டிசம்பர் 4-ஆம் நாள் பெத்ரொக்கி ஆணையத்தின் அறிக்கை வெளியிடப்பட்டது. திருநிலைப்பாட்டின் ஒரு படியாகப் பெண்களுக்குத் திருத்தொண்டர் பட்டம் என்ற திசையில் நகர்வதற்கு எதிராக 7-க்கு 1 என்று வாக்கு. ஆனால் குருப்பட்டத்தைப் பற்றி இருப்பது போன்ற இறுதித் தீர்ப்பு இப்போது சொல்ல முடியாது என்றும் அதே முடிவில் எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்துவின் ஆண்தன்மை அருளடையாளத்தின் உள்ளடக்கம் என்ற வாசகத்தை வைப்பதா எடுப்பதா என்பதில் 5-க்கு 5 என்று பிளந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பொருத்த வாதத்தை நிரூபணம் போலப் பேசிவந்தவர்கள் அந்தக் கடைசி எண்ணிக்கையை ஒருமுறை நின்று பார்க்கலாம்.

குருப்பட்டம் இல்லாமலே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதும் இதற்குள் மாறியிருக்கிறது. 2021 ஜனவரியில் 230-ஆம் எண் திருத்தப்பட்டு, வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் நிலையாகத் திறக்கப்பட்டன. 2022-இன் வத்திக்கான் நிர்வாகச் சட்டம் பொதுநிலையினரும் துறைத் தலைவர்களாகலாம் என்றது. 2025 ஜனவரியில் அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா ஒரு வத்திக்கான் துறையின் முதல் பெண் தலைவரானார். சிக்கல் 129-ஆம் எண்ணில்: ஆட்சி அதிகாரம் திருநிலை பெற்றவர்களுக்கு உரியது, பொதுநிலையினர் அதில் ‘ஒத்துழைக்கலாம்’. ஒத்துழைப்பது தலைமை ஏற்பதையும் குறிக்குமா என்று சட்ட வல்லுநர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே என்ற 767-ஆம் எண் மாறவில்லை.

முதல் கேள்விக்குத் திரும்பினால், ஒரு கையெழுத்து போதாது. 1024-ஆம் எண்ணை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. போதனை நிற்கும்வரை, சட்டம் இல்லாவிட்டாலும் பட்டம் செல்லாது என்றுதான் ஆகும். முதலில் ஒரு திருத்தந்தையோ பொதுச்சங்கமோ, 1995-இன் பதில் சொன்ன தவறா வரக் கூற்று நிலைநாட்டப்படவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு, பெறுபவரின் பாலினம் அருளடையாளத்தின் உட்பொருளில் சேராது என்று 1947-ஐப் போல ஒரு தீர்ப்பு வேண்டும். அதன் பின்பே 1024, 754, 1379 எண்களைத் தொட முடியும். அதற்குள் கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளோடு நடக்கும் ஒன்றிப்புப் பேச்சு என்னவாகும் என்ற கணக்கும் மேசையில் இருக்கும். ஜெர்மன் ஆயர்களும் பொதுநிலையினரும் 2022-இல் வாக்களித்துக் கேட்டது இதில் முதல் படியை மட்டுமே: 1994-இன் மடலை மறுபடி ஆராய வேண்டும் என்று.